பூட்டிய வீட்டின் முன் அழுதவர்கள்

அனார்கான் இறந்துவிட்டாள் என்ற செய்தி நாரின் நகரத்துப் பேருந்து நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது காலை ஒன்பதரை மணி. அந்த நேரத்தில் அவள் தன் வீட்டில், இரண்டு போர்வைகளுக்கு அடியில், சுவரைப் பார்த்தபடி விழித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

வயது நாற்பத்தொன்பது. பதினேழு வருடங்களாக அந்த நிலையத்தின் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, தலைநகர் பிஷ்கேக் போகும் வேன்களை வரிசைப்படி அனுப்பிவந்தவள். வரிசையை மீறி முந்தப் பார்க்கும் ஓட்டுநரை ஒலிபெருக்கியில் பேர் சொல்லித் திட்டுவாள். திட்டு வாங்கியவன் முறைப்பான், வண்டியைப் பின்னுக்கு எடுப்பான். மலைக் கணவாயில் பனி கொட்டுகிறது என்று தெரிந்தால் ஒரு வேனையும் நகர விடமாட்டாள். அவள் குரல் சந்தைவரை கேட்கும்.

பிப்ரவரியில் விரல்கள் மக்கர் செய்தன. காலையில் எழுந்தால் பத்து மணிவரை மடங்காது. பேனா பிடிக்க முடியவில்லை. மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள், படம் பிடித்தார்கள், முடக்குவாதம் என்றார்கள். மருத்துவர் ஒரு சின்னப் பெண். “இது கடைசிவரைக்கும் கூடவே இருக்கும். வாரம் ஒருநாள் மாத்திரை. மாசம் ஒருதடவை ரத்தப் பரிசோதனை. மனசும் சோர்ந்து போகும், அதையும் மறைக்காம வந்து சொல்லுங்க” என்றாள். அனார்கான் முதல் வாக்கியத்தோடு கேட்பதை நிறுத்திவிட்டாள்.

நிலையத்தின் மேலாளர் சாகின் விடுப்பு கொடுத்தார். “மார்ச் முடியறவரைக்கும் நாற்காலி உன்னோடது. ஏப்ரல் ஒண்ணாம் தேதி நீ வரலைன்னா எங்கக்கா பொண்ணையே நிரந்தரமாப் போட்டுடுவேன். அப்புறம் என்மேல வருத்தப்படக்கூடாது.” அவர் அக்கா மகள் ஏற்கெனவே தற்காலிகமாக உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் நடந்ததுதான் அவளை உண்மையாகப் படுக்கவைத்தது. எங்கள் ஊரில் ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் விசாரிக்கப் போகாமல் இருப்பது பெரிய குற்றம். வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. ரொட்டி, மிட்டாய், எண்ணெயில் பொரித்த மாவு உருண்டைகள். நோயாளி எழுந்து விரிப்பு விரித்து, அதையெல்லாம் பரப்பி, தேநீர் ஊற்ற வேண்டும். கிண்ணத்தை நிறைக்கவும் கூடாது. நிறைத்துக் கொடுத்தால் ‘குடிச்சிட்டுக் கிளம்பு’ என்று அர்த்தம். அரைக் கிண்ணம் ஊற்றி, வாங்கி, மறுபடி அரைக் கிண்ணம். ஒரு விருந்தாளிக்கு ஏழெட்டுத் தடவை. வீங்கிய மணிக்கட்டோடு கெட்டிலைத் தூக்கி, இரண்டு வாரத்தில் நாற்பது பேருக்கு ஊற்றினாள்.

ஊற்றும்போது காதில் விழுந்தவை வேறு. கரடிக் கொழுப்பைத் தடவு. நாய்க் கொழுப்பைக் குடி. “எங்க பெரியம்மாவுக்கும் இதேதான். அப்படியே மடங்கி மடங்கி, கடைசியில ஸ்பூன்கூடப் பிடிக்க முடியாம...” என்று ஆரம்பிப்பவர்கள், பெரியம்மாவை அடக்கம் செய்யாமல் எழுந்ததில்லை. யோசனை சொல்வதில் ராணி, கணவரின் அண்ணன் மனைவி புர்மாகான். இரண்டு தெரு தள்ளி வீடு. தினமும் வருவாள்.

“பணத்தைச் செலவு பண்ணியாவது பிஷ்கேக் கூட்டிட்டுப் போகச் சொல்லுடி. உன் புருஷன் கொதிகலன்ல கரியள்ளிப் போட்டே மூளை காஞ்சு போயிட்டான்” என்பாள்.

“சரிக்கா.”

“என்ன சரிக்கா? முகத்தைப் பாரு, மூணு நாள் ஆன ரொட்டி மாதிரி. கொஞ்சம் சிரி.”

“சரிக்கா.”

மூன்றாவது வாரம் அனார்கான் கணவர் முகாஷிடம் ஒன்று கேட்டாள். “காலையில நீ வேலைக்குப் போறப்ப கதவை வெளியிலிருந்து பூட்டிட்டுப் போ.”

“உள்ள ஆள வெச்சுப் பூட்டுறதா? எனக்குப் பயமா இருக்கு.”

“பூட்டைப் பார்த்தா திரும்பிப் போயிடுவாங்க. எனக்கு யாருக்கும் ஊத்திக் கொடுக்கத் தெம்பில்லை.”

முகாஷ் நகரத்துக்கு வெந்நீர் அனுப்பும் கொதிகலன் கூடத்தில் கரி தள்ளுகிறவர், பேச்சு குறைவு. பூட்டினார். அவள் போனை அணைத்துப் போட்டாள். பகலெல்லாம் யாரும் வரவில்லை. நிம்மதி வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. வேறு எதுவுமே வரவில்லை. தலை வாருவதை விட்டாள். ஏப்ரல் ஒன்று போய்விட்டால் நல்லது, அதன்பிறகு யாரும் தன்னிடம் எதையும் எதிர்பார்க்கமாட்டார்கள் என்று தோன்றியது.

புர்மாகான் மூன்று முறை வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் தானே ஒரு முடிவுக்கு வந்தாள்: பிஷ்கேக்குக்குக் கொண்டுபோய்விட்டார்கள், தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோபத்தில் அக்-தலா கிராமத்துக்குப் போன் போட்டாள். அங்கே அனார்கானின் சித்தப்பா மகன் எசென்குல் இருக்கிறான்.

“வீடு பூட்டிக் கிடக்குப்பா. பிஷ்கேக் கொண்டு போயிட்டாங்க. நீ கிளம்பி வா, உன் அக்காதானே.”

“அக்காவுக்கு எப்படி இருக்கு?”

“நீ வா, வந்து பேசிக்கலாம்.”

எங்களில் யாரும் சாவைப் போனில் சொல்வதில்லை. தூரத்தில் இருப்பவன் தனியாக இருக்கும்போது இடி விழக்கூடாது என்பதற்காக, ‘நீ வா’ என்று மட்டும் சொல்லி வரவழைப்போம். வீட்டு வாசலை நெருங்கும்போதுதான் பெரியவர்கள் தோளைப் பிடித்துச் சொல்வார்கள். எசென்குல் வளர்ந்தவன், இதெல்லாம் தெரிந்தவன். அக்காவுக்குப் போன் போட்டான், அணைந்திருந்தது. முகாஷுக்குப் போட்டான், கொதிகலன் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விடிந்ததும் காரின் பின்பக்கம், துக்க வீட்டில் அறுக்க ஒரு செம்மறி ஆட்டை ஏற்றி, மூன்று உறவினர்களையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். வழியில் பேருந்து நிலையத்தில் நிறுத்தி சாகினிடம் சொன்னான். ஓட்டுநர்கள் தொப்பியைக் கழற்றினார்கள், இரண்டு பேர் அவன் பின்னாலேயே கிளம்பினார்கள்.

துக்க வீட்டுக்குப் போகும் ஆண் தெருமுனையிலிருந்தே வாய்விட்டு அழுதுகொண்டு போக வேண்டும். சத்தமில்லாமல் போகிறவனை ஊர் மன்னிக்காது. அந்தச் சத்தம் கேட்டால் அக்கம்பக்கத்து ஆட்கள் ஓடிவந்து சேர்ந்துகொள்வார்கள். முதலில் அழுகை. யார், எப்போது, எப்படி என்பதெல்லாம் பிறகு. எசென்குலும் அப்படியே தொடங்கினான்.

“என் ஈரக்குலையே! என் அக்காவே! மலை மாதிரி இருந்தியே, சாஞ்சிட்டியே!”

போர்வைக்குள் அனார்கானுக்கு அந்தச் சத்தம் கேட்டது. எதிர்வீட்டுக் கிழவர்தான் போய்விட்டார் என்று நினைத்தாள். நல்ல மனிதர். கண்ணில் நீர் கோத்தது. ஒரு மாதத்தில் முதல்முறையாக அழுகை வந்தது, அதுவும் எதிர்வீட்டுக்காரருக்காக.

அடுத்து ஒரு ஓட்டுநரின் குரல்: “பனியில வண்டிய விடாம என் உசிரைக் காப்பாத்தினியே, அனார்கான் அக்கா!”

எழுந்து உட்கார்ந்தாள்.

வெளியே புர்மாகானும் ஓடிவந்திருந்தாள். ரத்த உறவுக்காரனே அழுதுகொண்டு வருகிறான் என்றால் அவனுக்கு பிஷ்கேக்கிலிருந்து செய்தி வந்திருக்கும் என்பது அவள் கணக்கு. எசென்குலோ, அக்காவின் புகுந்த வீட்டு ஆளே அழுகிறாள், பிறகென்ன சந்தேகம் என்று இன்னும் சத்தமாக அழுதான். பூட்டிய கதவுக்கு முன்னால் இருபது பேர்.

அனார்கான் ஜன்னலுக்கு வந்தாள். குளிர்காலத்துக்காகப் பஞ்சு அடைத்து காகிதம் ஒட்டிய ஜன்னல். மேலே காற்றுக்காக விட்ட சின்னக் கதவு மட்டும் திறக்கும். மணி பத்தாகவில்லை, விரல்கள் கட்டை. கொக்கியைத் திருப்ப முடியவில்லை. அப்போது கண்ணாடிக்கு அந்தப்பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், புர்மாகான் மூக்கைச் சிந்தியபடி பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள்.

“ஒரு விதத்துல நல்லதுதான். வருஷக்கணக்குல இழுத்துக்கிட்டுக் கிடக்காம, பட்டுன்னு போயிட்டா.”

அனார்கான் முழங்கையால் கண்ணாடியை இடித்தாள்.

திரும்பிப் பார்த்த புர்மாகான் பக்கத்து வீட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் இருந்தவர்களுக்கு விஷயம் தெரியாமல் அழுகை தொடர்ந்தது. அனார்கான் கொக்கியைப் பற்களால் கவ்வி இழுத்துத் திறந்தாள்.

“இது சாகுற வியாதின்னு உனக்கு யாருக்கா சொன்னது?”

“அய்யோ கடவுளே... அனாரு?”

“முடக்குவாதம்! பேரு முடக்குவாதம். காலையில கை மடங்காது. பத்து மணிக்குமேல மடங்கும். சனிக்கிழமை மாத்திரை, ஞாயித்துக்கிழமை வாந்தி. அவ்வளவுதான். சாகமாட்டேன். இப்படியேதான் இருப்பேன்.”

ஒரு மாதமாக அவள் அந்தப் பெயரை உச்சரித்ததில்லை. இப்போது தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டாள், மூச்சு வாங்கியது.

எசென்குல் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “அக்கா, உசிரோடவா இருக்க? அப்ப கதவ ஏன் பூட்டியிருக்க?”

“உன்னை மாதிரி ஆளுங்க வரக்கூடாதுன்னுதான்.”

யாரோ சிரித்தார்கள். யாரோ அதட்டினார்கள். எசென்குல் தலையைச் சொறிந்தான். “நான் வேற நிலையத்துல சொல்லிட்டேன் அக்கா. சாகின் அண்ணன் அங்கயே காகிதம் எடுத்து, உன் இடத்துக்கு அந்தப் பொண்ணை எழுதிட்டாரு.”

அனார்கானுக்கு முதலில் வந்தது நிம்மதி. உண்மையைச் சொல்ல வேண்டும். முடிந்தது. அழுதுவிட்டார்கள், எழுதிவிட்டார்கள், இனி போய்ப் படுக்கலாம். ஜன்னலை விட்டு இரண்டு அடி பின்னால் போகவும் செய்தாள். அங்கே கட்டில், அதில் அவள் உடம்பு கிடந்த பள்ளம். அதில் மறுபடி போய்ப் படுக்கக் கால் வரவில்லை.

அதற்குள் முகாஷ் ஓடி வந்தார். தன் வீட்டில் ஒப்பாரி என்று யாரோ கொதிகலன் கூடத்தில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே பூட்டிவைத்தவள் தனியாகச் செத்துப்போனாள் என்று நினைத்துக்கொண்டே மூன்று தெரு ஓடியிருக்கிறார். முகமெல்லாம் கரி, அதில் கண்ணீர்க் கோடுகள். சாவி பூட்டுக்குள் போக மறுத்தது. எசென்குல் வாங்கித் திறந்தான். உள்ளே நிற்கும் மனைவியைப் பார்த்ததும் முகாஷ் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வாசற்படியில் யாரும் உட்காரக்கூடாது. எழுந்திரு என்று ஒருவரும் சொல்லவில்லை.

அனார்கான் அவர் தலையில் கையை வைத்தாள். பிறகு எசென்குலிடம், “வண்டியை எடு. நிலையத்துக்குப் போகணும்” என்றாள்.

“இந்த ஆட்டை என்ன பண்றது?” என்றான் அவன். சாவுக்கென்று கொண்டுவந்ததைத் திருப்பிக் கொண்டுபோவது நல்லதல்ல.

“புர்மாகான் அக்கா வீட்டுல இறக்கு. அவங்கதானே ஆள் சேர்த்தாங்க. அவங்களே அறுத்து, அவங்களே எல்லாருக்கும் ஊத்திக் கொடுக்கட்டும்.”

புர்மாகான் காரின் பின்பக்கம் போய் ஆட்டின் கயிற்றைப் பிடித்தாள்.

கால்கள் வீங்கியிருந்ததால் முகாஷின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு அனார்கான் நிலையத்துக்குள் நுழைந்தபோது, ஓட்டுநர்கள் விலகி வழிவிட்டார்கள். ஒருவன் பிரார்த்தனைபோல் கைகளால் முகத்தை வருடிக்கொண்டான். சாகினுக்குக் கோபம் வந்தது.

“என்ன விளையாட்டு இது? காகிதம் மேலிடத்துக்குப் போயிடுச்சு.”

“சாவுச் சான்றிதழ் வெச்சு அனுப்பினீங்களா?”

“தெம்பா வந்து வேலை பார்க்க முடியுமா உன்னால? முதல் வண்டி ஆறு மணிக்கு. சொல்லு.”

அந்தக் கேள்விக்குத்தான் அவள் ஒரு மாதமாகப் பயந்துகொண்டிருந்தாள். “முடியாது” என்றாள். “பத்து மணிக்கு முன்னாடி என் கை கையே இல்லை. பதினொண்ணுலேருந்து அஞ்சுவரைக்கும் உட்காருவேன். ஞாயித்துக்கிழமை வரமாட்டேன். காலையில உங்க அக்கா பொண்ணு பார்க்கட்டும்.”

“அரை ஆளுக்கு அரை நாற்காலியா?”

“ஆமா அண்ணே. அரை ஆள்தான் இருக்கேன்.”

சாகின் தொப்பியைக் கழற்றி மாட்டினார். அவர் அக்கா மகள், காலையிலிருந்து ஓட்டுநர்களின் சண்டையில் குரல் கட்டிப்போனவள், “ஒத்துக்குங்க மாமா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்றாள். இரண்டாவது காகிதம் மாலைக்குள் போனது.

இது நடந்து ஏழு வாரம் ஆகிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஏப்ரல் முதல் வாரத்தில் இரண்டு நாள் அவள் வரவில்லை. கட்டிலை விட்டு எழவே முடியவில்லை என்று ஆள் அனுப்பினாள். ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது அந்தச் சின்னப் பெண் மருத்துவரிடம், “அழுகைகூட வர்றதில்லம்மா, ஒண்ணுமே வர்றதில்ல” என்று சொல்லியிருக்கிறாள். மருத்துவர் அதையும் குறித்துக்கொண்டு, பேசுவதற்கென்று தனியாக ஒரு வியாழக்கிழமை கொடுத்திருக்கிறாள். ஒரு வியாழன் போனாள், ஒன்று போகவில்லை, அடுத்ததற்குப் போனாள். மாத்திரையால் வீக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. விசாரிக்க வருகிறவர்கள் இப்போது நிலையத்து ஜன்னலுக்கே வருகிறார்கள். அங்கே கெட்டில் கிடையாது. கரடிக் கொழுப்பைச் சொல்லத் தொடங்கினால், பின்னால் நிற்கிற வரிசை கத்துகிறது.

நேற்று மதியம் ஒரு வேனில் இரண்டு இடம் காலியாக இருந்தது. அனார்கான் ஒலிபெருக்கியை முகத்துக்கு அருகில் இழுத்து, “பிஷ்கேக், இன்னும் ரெண்டு பேர்” என்றாள். நிலையத்தின் மறுமூலைக்குக்கூட எட்டாத குரல்.

“சத்தமாச் சொல்லுக்கா!” என்று ஓட்டுநர் கத்தினான். “பழைய மாதிரி, சந்தை வரைக்கும் கேக்கணும்!”

“இன்னிக்கு இவ்வளவுதான்டா வருது” என்றாள் அவள். “வேணும்னா நீ இறங்கிப் போய்க் கூப்பிடு.”

அவன் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினான்.