சிரிக்கத் தெரியாத ஆசிரியர்

ஒரு கணினியின் மேல் பொறாமைப்பட்டு, அதை ஊரைவிட்டே அனுப்பியவன் நான்தான்!

கும்மிடிப்பூண்டி ஆலைகளில் வேலை செய்யும் வெளிமாநிலத்தவருக்குப் புதுவாயலில் மாலைநேரத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். எனக்கு நகைச்சுவையாளன் என்றொரு பெயருண்டு. யாராவது தடுமாறினால் அப்படியே பேசிக் காட்டுவேன், வகுப்பே சிரிக்கும். ஒடிசாவிலிருந்து வந்த சபிதா மட்டும் சிரித்ததில்லை... பெரும்பாலும் நான் பேசிக் காட்டியது அவரைத்தானே!

பிறகு மொழிப்பயிற்சிக் கணினிகள் வந்தன. என் வகுப்பில் வாய் திறக்காத சபிதா, அவற்றில் ஒன்றின்முன் ஓயாமல் பேசினார். ஒருநாள் பின்னால் நின்று கேட்டேன்.

"என் மகள் ஊர்ல அஞ்சாவது படிச்சா. இங்க ஏன் மூணாவதுல உக்கார வச்சீங்க?"

மகளின் தலைமையாசிரியையிடம் கேட்க வேண்டிய கேள்வி. பாதியில் உடையும். 'மீண்டும் சொல்லுங்கள்' என்னும் திரை. மறுபடி உடையும். மறுபடி அதே வரி... அலுப்பில்லை, நையாண்டியில்லை! எவ்வளவு பெரிய ஆசிரியர்! எவ்வளவு பெரிய மாணவி!

வியந்தேன். அந்த வியப்பை என்னால் தாங்க முடியவில்லை.

மையத்தைக் கவனிக்கும் தேவகி அந்த வாரம் கேட்டார்: "சார், இந்த மெஷினுங்க இங்க யூஸ் ஆவுதா, வேற சென்டருக்குத் தூக்கிடலாமான்னு மெஷின் குடுத்த கம்பெனில கேக்குறாங்கோ."

"தூக்கிடலாம்மா. மனுஷன் சொல்லித் தர்றத ஒரு டப்பா சொல்லித் தருமா?"

எத்தனை கம்பீரமான பொய்!

அடுத்த வாரம் அந்த மூலை காலி. "மெஷின் எங்க சார்?" என்றார் சபிதா.

"ரிப்பேர்" என்றேன். ஒரு பாவத்துக்கு இன்னொன்று துணை...

திரும்பக் கொண்டுவரச் சொல்லித் தேவகியிடம் கெஞ்சினேன். "இன்னா சார், நீங்கதான டப்பான்னீங்கோ? அங்க மாட்டி, பசங்க குந்திக்கினு படிக்குதுங்க. இப்போ போய்க் கேட்டா பேஜாரு சார்!"

சரி, பள்ளிக்கு நானே போய்ப் பேசிவிட்டால்? சபிதாவிடம் சொன்னேன்.

"வேணாம் சார். மகள் பக்கத்துல நிக்கும். அவ அம்மாதான் பேசணும். மெஷின் வரட்டும்."

இப்போது நான் யாரையும் பேசிக் காட்டுவதில்லை. அதனால் யாருக்கு என்ன லாபம், சொல்லுங்கள்! அந்தச் சிறுமி இன்னும் மூன்றாம் வகுப்பில், தன் தோளுயரம்கூட இல்லாத பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறாள்.

நேற்றும் சபிதா கேட்டார், கொஞ்சமும் சந்தேகமில்லாமல்: "ரிப்பேர் முடிஞ்சுதா சார்?"

"இன்னும் இல்லம்மா" என்றேன்.