கண்ணாடி பாட்டிலில் வந்த வெண்ணெய்

என் கையெழுத்து கோழிக் கிறுக்கல்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எந்த இடத்தில் எந்த 'ல' போட வேண்டும் என்று இன்றைக்கும் தடுமாறுவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம். எழுதும்போது எதிரில் யாரும் நின்று முகத்தைப் பார்ப்பதில்லை.

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு மோட்டார் சைக்கிள் ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். ஊரில் அப்போது மோட்டார் சைக்கிள்கள் குறைவு. சத்தத்தை வைத்தே வருவது யார் என்று சொல்லிவிடுவேன். அப்படி நான் தூரத்திலேயே கண்டுபிடிக்கும் வண்டி ஒரு மல்லாட்டைத் தரகருடையது. வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்லுவோம். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய் கொல்லையிலேயே காய் பார்த்து விலை பேசி முடிப்பது அவர் வேலை. காலையில் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புவார். நான் அவரை அண்ணா என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும் கூப்பிடுவேன். வீடு பேகோபுரத் தெருவில்.

அந்த வண்டிக்கு ஒரு பழக்கம். எஞ்சினுக்குள் பிஸ்டன் ஏறி இறங்கும்போது உள்ளே இருக்கிற காற்று வெளியேற ஒரு குழாய் உண்டு. பிரீதர் பைப் என்போம். எஞ்சின் மூச்சு விடுகிற வழி அது. அந்த மூச்சோடு ஆயில் ஆவியும் வந்து, குழாய் நுனியில் சொட்டாகிக் கீழே விழும். விழுவது அண்ணியின் வாசல் கோலத்தில்.

"தம்பி, ஒண்ணு இந்த வண்டிய நிறுத்து, இல்ல என்னையக் கோலம் போட வேணாம்னு சொல்லிடு. தெனம் கருப்பா சொட்டுது" என்றார் அண்ணி.

"புள்ளி வெச்சிக் குடுக்குதுடி வண்டி. சும்மா குடுக்கறத வாங்கிக்கோயேன்" என்றார் அண்ணா.

நான் ஒரு டானிக் பாட்டிலைக் கழுவி, மூடியில் இரண்டு ஓட்டை போட்டேன். ஒன்று குழாய் நுழைய, ஒன்று காற்று போக. சைக்கிள் டியூபை வாராக அறுத்து, அதைக்கொண்டு பாட்டிலைச் சட்டத்தோடு கட்டினேன். சொட்டுவதெல்லாம் அதற்குள் விழும். மாதத்துக்கு இரண்டு ஸ்பூன் கருப்பு ஆயில், அவ்வளவுதான். அதை அண்ணா கதவுக் கீலுக்கு ஊற்றிவிடுவார்.

ஒரு ஐப்பசியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சும் பாதிதான் வந்தது. வண்டியைத் துடைத்து, வாசலை ஒட்டின நடையில் நிறுத்தினார்கள். கட்டிலில் படுத்தபடி நடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார்.

"வண்டி இப்படியே நின்னா கெட்டுப் போயிடுமா தம்பி?" என்று அண்ணி கேட்டார்.

"தெனம் காலைல ரெண்டு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடுங்க அண்ணி. அது போதும்" என்றேன்.

யோசிக்காமல் சொன்ன பேச்சு. ஆனால் அண்ணி அதை விரதம் மாதிரி பிடித்துக்கொண்டார். முதல் நாள் கிக்கர் திருப்பி அடித்து முழங்கால் வீங்கிவிட்டது. மறுநாளும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மிதித்தார். தெருவில் பால் வாங்கப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எதிர்வீட்டு அம்மா, "என்னடி, எந்த ஊருக்குக் கெளம்பிட்ட?" என்று கேட்பாராம். "லண்டனுக்கு. வர்றியா, பின்னாடி எடம் இருக்குது" என்பாராம் அண்ணி. எஞ்சின் பிடித்ததும் உள்ளே கட்டிலில் அண்ணாவின் இடது கை விரல்கள் ஆக்சிலேட்டரைத் திருகுவது போல மெல்ல அசையும். அதைப் பார்ப்பதற்காகவே அண்ணி வண்டியை ஓடவிட்டு உள்ளே ஓடுவார். இரண்டு நிமிடம் ஆனதும் வந்து நிறுத்திவிடுவார்.

மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஆள் அனுப்பினார்கள். போனேன். அண்ணியின் தம்பி வேலூரிலிருந்து வந்திருந்தார். கையில் அந்த டானிக் பாட்டில். அதில் கருப்பு ஆயில் இல்லை. மோரைக் கடைந்து எடுத்த வெண்ணெய் மாதிரி வெள்ளையாக, கொழகொழவென்று பாதி பாட்டில் நிறைந்திருந்தது. அடியில் தண்ணீர் தனியாக நின்றது.

"பாத்தியா மெக்கானிக்கு? எஞ்சின்ல தண்ணி பூந்துடுச்சி. அக்கா வெள்ளிக்கெழமையானா வண்டிக்கும் அபிஷேகம் பண்ணுது இல்ல, அதான்" என்றார் தம்பி.

"நான் துணிய நனைச்சித்தான்டா தொடைச்சேன்" என்றார் அண்ணி. குரல் இறங்கியிருந்தது. அவரே அதை நம்பத் தொடங்கிவிட்டார் என்று தெரிந்தது.

"விடு. வண்டிய வாங்கிக்க வேலூர்ல ஒரு ஆளுகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். வியாழக்கெழமை வருவான். இன்னும் கெடறதுக்குள்ள தள்ளி விட்டுடலாம். மாமா, என்ன சொல்றீங்க?"

அண்ணா சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "குடு... த்துடு" என்றார். தம்பி கெட்டவர் இல்லை. ஓடாத வண்டியைப் பார்த்துப் பார்த்து மாமா ஏங்குகிறார் என்பது அவர் எண்ணம். ஆனால் வண்டி போய்விட்டால் காலையில் அந்த விரல்கள் எதற்கு அசையும்?

எனக்குக் காரணம் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் மறுபடி போனேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. அண்ணி கடைசி முறை என்று நினைத்தோ என்னவோ, மெதுவாக மிதித்தார். வண்டி பிடித்தது. சைலன்சரிலிருந்து தண்ணீர் பொட்டுப் பொட்டாகத் தெறித்தது. இரண்டு நிமிடம் ஆனதும் நிறுத்தினார். நான் எஞ்சினில் கை வைத்தேன். மேலே சூடு, கீழே ஆயில் இருக்கும் பக்கம் ஜில்லென்று இருந்தது.

அப்போதுதான் உறைத்தது. பெட்ரோல் எரிந்தாலே கொஞ்சம் ஈரம் உண்டாகும். எஞ்சின் நன்றாகச் சூடேறினால் அது ஆவியாகக் குழாய் வழியே போய்விடும். சூடேறாத எஞ்சினில் அது வியர்த்து, ஆயில் ஆவியோடு சேர்ந்து வெண்ணெயாகிவிடும். வெளியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை. நாள் தவறாமல் இரண்டு நிமிடம் ஓட்டி ஓட்டி நாமேதான் ஈரத்தைச் சேர்த்திருக்கிறோம். இரண்டு நிமிடம் என்று சொன்னவன் நான்.

உள்ளே போய்க் கட்டிலருகே நின்றேன். தம்பி காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"தப்பு அண்ணி மேல இல்லீங்க. நான் சொன்னதுதான் தப்பு. வண்டி குளுந்து போயி கெடக்குது, அவ்ளோதான். நல்லா சூடேற ஓட்டினா சரியாயிடும்" என்றேன்.

"நேத்து வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த?" என்றார் தம்பி.

"நேத்து தெரியலைங்க."

அண்ணா திரும்பி என்னைப் பார்த்தார். இடது கையால் தன் நெஞ்சைத் தொட்டு, பிறகு வண்டியைக் காட்டினார். "நா... னும்" என்றார்.

அண்ணி வேண்டாம் என்று அழுதார். தம்பி கத்தினார். அண்ணா திரும்பத் திரும்ப அதே ஒரு வார்த்தையைச் சொன்னார். கடைசியில் அண்ணியே ஒரு பழைய எட்டு முழ வேட்டியைக் கொண்டுவந்தார். அண்ணாவைத் தூக்கிப் பின் சீட்டில் உட்காரவைத்து, முன்னால் ஏறிய என் இடுப்போடு சேர்த்து இறுக்கக் கட்டினார். அவர் வலது பாதத்தை, கால் வைக்கிற கட்டையோடு டியூப் வாரால் முன்பே நான் கட்டியிருந்தேன். தம்பி முணுமுணுத்துக்கொண்டே முடிச்சுகளை இழுத்துப் பார்த்தார். சும்மா சொல்லக்கூடாது, அவர் இழுத்த பிறகுதான் கட்டு அசையாமல் நின்றது.

மலை சுற்றும் பாதையில் மெதுவாகப் போனேன். அடி அண்ணாமலை தாண்டும்போது வெயில் வந்துவிட்டது. ஒரு டீக்கடை முன்னால் நிறுத்திக் குனிந்து பார்த்தேன். பாட்டில் மூடியின் ஓட்டையிலிருந்து வெள்ளை ஆவி புகைந்துகொண்டிருந்தது. சோறு கொதிக்கிற பானை மாதிரி.

"தண்ணி போவுது அண்ணா" என்றேன்.

கழுத்துக்குப் பின்னால் அவர் மூச்சு சூடாக இருந்தது. சிரிக்கிறார் என்று நினைத்தேன், திரும்பிப் பார்க்க முடியவில்லை. ஊருக்குள் வந்து அவர் தெருப் பக்கம் திருப்பப் போனேன். இடது கையால் என் தோளில் ஒரு குத்து விட்டார்.

"இன்... னொரு சுத்து."

இரண்டாவது சுற்று முடிந்தபோது ஆவி நின்றுவிட்டது. வீட்டு வாசலிலேயே சூடாக ஆயிலை இறக்கிப் புது ஆயில் ஊற்றினேன். பாட்டிலைக் கழுவிக் கட்டினேன். தம்பி பழைய ஆயிலைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டினார். வேலூர் ஆளுக்கு வர வேண்டாம் என்று தகவல் சொல்ல நேரம் இல்லை.

வியாழக்கிழமை காலை அந்த ஆள் வந்தபோது நடை காலியாக இருந்திருக்கிறது. நாங்கள் இருவரும் வேட்டியால் கட்டிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். கோலம் போட்டுக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்து, வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று கேட்டவரிடம் சொன்னாராம்:

"அவரு வெளிய போயிருக்காருங்க. வண்டில."

1996, அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை.