அபேராமோவின் இரண்டாம் மணி

மனைவி போனதிலிருந்து அபேராமோவுக்கு எதுவும் உறைப்பதில்லை. கிழங்கு வைத்தால் தின்பார். வைக்காவிட்டால் கேட்க மாட்டார். ஒன்றை மட்டும் தவறாமல் செய்தார். சூரியன் கடலில் விழுந்ததும், மரத்தில் தொங்கும் பழைய கேஸ் சிலிண்டரைக் கம்பியால் அடிப்பார். அதுதான் ஊர் மணி. ஊர் ஜெபத்துக்கு உட்காரும். அவர் மறுபடி அடிக்கும்வரை யாரும் தெருவில் கால் வைக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. மீறினால் ஒரு பன்றி அபராதம்.

மகள் லோசா சமோவா கூடைப்பந்து அணியில் இருந்தாள். போட்டிக்கு பிஜி கிளம்பும்போது, "அம்மாதான் இல்ல. நீங்களாச்சும் ஒரு ஆட்டம் முழுசா பாருங்கப்பா" என்றாள். "சரி" என்றார். வாய்தான் சொன்னது.

அணி இறுதி ஆட்டத்துக்கு வருமென்று அந்தப் பெண்களே நம்பவில்லை. எதிரே ஆஸ்திரேலியா. ஊர்த்தலைவர் லெயோட்டா வீட்டு டிவி முன்னால் ஊரே குவிந்திருந்தது. அபேராமோவும் தூணோரம் உட்கார்ந்து பார்த்தார். யார் வீட்டுப் பெண்ணோ ஓடுவது போலிருந்தது. கடைசி நிமிடங்கள், சமோவா இரண்டே புள்ளி பின்தங்கல். சூரியன் இறங்கியது. அவர் எழுந்தார்.

"யோவ், எங்கய்யா போற?" என்றார் லெயோட்டா.

"மணி அடிக்கணும்."

"அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கொஞ்சம் பொறுங்க!" பக்கத்து வீட்டு ஃபெட்டு கெஞ்சினாள். "குடாவுக்கு அக்கரையில இருக்கற ஊர்க்காரனுங்க கில்லாடிங்க, பொழுதோடயே மணியடிச்சு ஜெபத்த முடிச்சுட்டானுங்க."

"பெத்த பொண்ணு ஆடுறாய்யா!" லெயோட்டா கத்தினார்.

அபேராமோ போய் அடித்தார். லெயோட்டா பல்லைக் கடித்துக்கொண்டு டிவியை அணைத்தார். சட்டம் போட்டதே அவர்தானே.

ஊர் அடங்கியது. அபேராமோ கம்பியோடு போய், ஊர் வழக்கப்படி வீட்டு வாசலிலேயே கட்டியிருந்த மனைவியின் கல்லறைமேல் உட்கார்ந்தார். அக்கரையில் கூச்சல் வெடித்தது. தகரம் தட்டினார்கள். பிறகு ஒரே பெயர்: லோசா, லோசா.

அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. "ஜெயிச்சுட்டாடி" என்று கல்லறையிடம் சொன்னார். அதன்பின் இரண்டாம் மணி அடிக்கக் கை எழவில்லை.

இருட்டத் தொடங்கியது. ஜெபம் எப்போதோ முடிந்திருந்தும் ஊர் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. போய்க் கேட்கலாமென்றால் தெருவில் இறங்க முடியாது.

கைபேசி அடித்தது.

"அப்பா! கடைசிப் பந்து நான்தான் போட்டேன். பாத்தீங்களா?"

"பாக்கலம்மா. மணியடிக்க வந்துட்டேன்."

"ரெண்டாவது மணி அடிச்சாச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்ப அடிங்க. நான் கேக்கறேன்."

கைபேசியைக் கல்லறைமேல் வைத்துவிட்டு மரத்தடிக்குப் போய் ஓங்கி அடித்தார். வீடுகளிலிருந்து ஊர் பீறிட்டு ஓடிவந்தது. லெயோட்டா வேட்டி அவிழ்வதுகூடத் தெரியாமல் ஆடினார். அபேராமோ நிறுத்தாமல் அடித்துக்கொண்டேயிருந்தார். கை வலித்தது. ரொம்ப நாளைக்கப்புறம் ஏதோ ஒன்று வலித்தது.