தண்ணீருக்குள் தாழ்த்திய வள்ளம்

எழுபதுகளின் கடைசியில், மட்டாஞ்சேரிக் கால்வாய்களையும் படகுத்துறைகளையும் கவனிக்கும் அலுவலகத்தில் நான் தட்டச்சு வேலையில் இருந்தேன். முப்பது நாள் இடம்விட்டு அசையாத படகு கைவிடப்பட்ட படகு, அதை எடுத்து உடைத்துப் போடலாம் என்று ஓர் உத்தரவு வந்தது. அசையாமல் இருப்பதுதான் குற்றம் என்றால், எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேரை முதலில் உடைத்திருக்க வேண்டும்.

நோட்டீஸ்களை அடித்தவள் நான்தான். ஐந்தாவதோ ஆறாவதோ நோட்டீஸில் என் அக்கா புருஷனின் பெயர் இருந்தது.

அத்தானிடம் கயிற்றால் தைத்த ஆஞ்சிலிப் பலகை வள்ளம் ஒன்று இருந்தது. கிடங்குகளிலிருந்து அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு உள்கால்வாய்களில் போவார். அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால்தான். கோடையில் சரக்கு குறைந்தால், வள்ளத்தில் கல்லை ஏற்றித் துறையோரம் தண்ணீருக்குள் தாழ்த்திவிடுவார். சும்மா கிடக்கும் வள்ளத்தை வெயிலில் விட்டால் பலகை காய்ந்து வெடிக்கும், தையல் விட்டுப்போகும். தண்ணீருக்குள் கிடந்தால் ஒன்றும் ஆகாது. வள்ளம் வைத்திருந்த எல்லோரும் செய்தது அதுதான். புதிதாக வந்த அதிகாரி துறையில் நின்று எட்டிப் பார்த்தார், மூழ்கிய படகு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். பக்கத்தில் நின்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்குப் பத்தடி தள்ளி ஒரு பெரிய முதலாளியின் இரும்புப் படகு, பல வருஷமாகத் துருப்பிடித்து, பாதித் துறையை அடைத்துக்கொண்டு கிடந்தது. அதற்கு நோட்டீஸ் இல்லை. ஏன் என்று கேட்டேன். கடிதப் போக்குவரத்து நடக்கிறது என்றார்கள். கடிதமாவது நடக்கிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஏழு நாளுக்குள் வள்ளத்தைக் கரையேற்றிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் உடைக்கப்படும் என்றது நோட்டீஸ். ஆபீஸ் நடைமுறை தெரிந்தவள் என்ற மிதப்பில் நான் அக்கா வீட்டுக்குப் போனேன்.

"கரையில ஏத்தி வச்சிடுங்க அத்தான். சார் வந்து பார்த்துட்டு, நல்ல வள்ளம்னா லிஸ்டுலேர்ந்து பேரை வெட்டிடுவார்."

அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "இந்த மீனமாச வெயிலிலயா? வெயில் கொண்டா அது பிளந்துபோகும்டி. உனக்கு அறியாதா?"

எனக்குத் தெரியும். ஆனால் நானே அடித்த காகிதத்தின் மேல் எனக்கு அத்தனை நம்பிக்கை. அத்தான் நாலு பேரைக் கூட்டிவந்து வள்ளத்தைக் கரையேற்றினார்.

அதிகாரி ஏழு நாளில் வரவில்லை. தினமும் கேட்டேன். ஒரு நாள் மீட்டிங், ஒரு நாள் ஜீப் இல்லை. நடந்தால் பத்து நிமிஷத் தூரம். அக்கா ஈரச் சாக்கைப் போர்த்தி, காலையும் மாலையும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். இரண்டாவது வாரத்தில் முதல் விரிசல் விட்டது. திரும்பவும் தாழ்த்திவிடுகிறேன் என்றார் அத்தான். அதிகாரி வரும்போது வள்ளம் கரையில் இல்லையென்றால் பெயர் அப்படியே நின்றுவிடும் என்று சொல்லி, நான்தான் தடுத்தேன்.

மூன்றரை வாரம் கழித்து அவர் குடையோடு வந்தார். பலகைகளுக்கு நடுவே விரலை விட்டுப் பார்த்தார். இதில் ஏறினால் ஆள் செத்துப்போவான், இதையா நல்ல வள்ளம் என்கிறீர்கள் என்று மலையாளத்தில் கேட்டார். அத்தான் நடந்ததைச் சொல்ல ஆரம்பிப்பதற்குள் குடை திரும்பிவிட்டது.

மறுநாள், உடைப்பதற்கான உத்தரவு என் மேசைக்கு வந்தது. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நான் அடிக்காவிட்டால் வேறு யாராவது அடித்திருப்பார்கள் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஒரு பிழையில்லாமல் அடித்தேன். சொந்தக்காரிதானே என்று, கையெழுத்து வாங்கவும் என்னையே அனுப்பினார்கள்.

அத்தான் அதைப் படிக்கவில்லை.

"நீ பறஞ்சதாலதான் கரையில ஏத்தினேன்" என்றார். பிறகு என்னிடமே பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.