ராணிக்காவின் அட்டை

இசைத்தாளில் வாசித்து முடித்த கட்டத்தை ராணிக்கா உடனே மறைத்துவிடுவார். கல்யாணப் பத்திரிகையிலிருந்து வெட்டிய அட்டைத் துண்டு அது. பிள்ளையின் வயலின் வில் ஒரு கட்டத்தைக் கடந்ததும், அட்டை அதன்மேல் ஏறிக்கொள்ளும். திரும்பிப் பார்க்க வழியில்லை. "போனது போயிட்ச்சு. கண்ணு முன்னாடி ஓடணும்" என்பார்.

ராணிக்கா என்கிற சகாயராணிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். காலை ஷிப்டுக்கு மீஞ்சூர் போய் வருகிறவர். வயலின் கற்றது சர்ச் பாடகர் குழுவில். பழவேற்காட்டில் எங்கள் குப்பத்துப் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் சாயங்காலம் நான்கு பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார். இதுவரை பார்த்திராத இசைத்தாளைப் பார்த்தவுடன் வாசிப்பதுதான் பாடம். ஏரிக்காற்றுக்குத் தாள் பறக்காமலிருக்க, நாலு மூலையிலும் துணிக் கிளிப்.

ஒரு தாளை இரண்டாம் முறை தரமாட்டார். இந்தப் பிள்ளைகளின் காது அப்படி. ஒருதரம் கேட்டுவிட்டால் அப்புறம் தாளே வேண்டாம். "அது பழைய மீனு" என்று கசக்கிப் போட்டுவிடுவார். ஆகவே தினமும் புதிதாக எழுத வேண்டும். சீப்பின் பல்லிடுக்கில் ஐந்து பேனா ரீஃபில்களைத் தூண்டில் நரம்பால் கட்டி, இசைத்தாளின் ஐந்து கோட்டையும் ஒரே இழுப்பில் போடுவார். பஸ்ஸிலும் போடுவார், கோடு நெளிந்திருந்தால் அன்று ரோடு மோசம் என்று பொருள். இறங்குமிடத்துக்கு இரண்டு ஸ்டாப் முன்பே எழுந்து நின்றுகொள்வார். பதற்றம் கூடினால் வாயில் ஒரு கிராம்பு. போன மாதம் முழுக்க அவர் பக்கத்தில் கிராம்பு வாசனைதான்.

காரணம், வயலின்கள் பிள்ளைகளுடையவை அல்ல. சென்னையில் ஓர் இசைப்பள்ளி ஓராண்டுக்குத் தந்தவை. ஆண்டு முடிவில் நால்வரையும் சேர்த்து உட்காரவைத்து, ஆளுக்கொரு பகுதியாகப் புதுத் தாள் கொடுப்பார்கள். மார்க் தனித்தனி. தேறின பிள்ளையிடம் வயலின் இருக்கும். தேறாத பிள்ளை அங்கேயே வைத்துவிட்டு வர வேண்டும்.

எங்கள் பிள்ளைகளிடம் ஒரு கோளாறு உண்டு. ஒருவர் தடுமாறினால் மற்ற மூவரும் வில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். கரையில் வலை இழுக்கும்போது ஒருவருக்குக் கால் சறுக்கினால் மொத்தப் பேரும் கயிற்றோடு நின்றுவிடுவார்கள். இழுத்துக்கொண்டே போனால் வலை ஒருபக்கம் சாய்ந்து மீன் போய்விடும். நடக்கக் கற்றதிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

தடுமாறுவது அநேகமாக அர்ச்சனா. கேட்டுப் பிடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. பார்த்து வாசி என்றால் கை நின்றுவிடும். அவள் பகுதி எப்போதும் கீழ்த் தந்தியில் ஓடும். அது நின்றால் உடனே தெரியும்.

"நல்லா பாரு அர்ச்சனா, அது எறும்பு இல்ல, நோட்டு" என்று தருமன் ஓட்டுவான். ஆனால் முதலில் வில்லைத் தூக்குவதும் அவன்தான்.

"அவ நின்னா நீ இன்னாத்துக்குடா நிக்கிற?" என்று ஒருநாள் ராணிக்கா கேட்டார்.

"அவள வுட்டுட்டு எப்டிக்கா போறது?"

"போய்த்தான் ஆவணும். நீயும் நின்னா உன்னுதும் போயிடும்."

அர்ச்சனா வில்லுக்கு ரோசின் கட்டி தேய்த்தபடியே சொன்னாள்: "நீங்க போங்கடா. நான் பின்னால வந்து ஒட்டிக்கிறேன்."

ராணிக்கா புதுத் தாளைக் கிளிப்பில் மாட்டினார். வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் முதலில் டிகிரி முடித்தவன் நான். நிற்காமல் போ என்று அவர் சொன்னது எனக்குச் சரியென்றே பட்டது. அவ்வளவு சீக்கிரம் ஏன் சரியென்று பட்டது என்பதுதான் பிறகு வெகுநேரம் உறுத்தியது.

போன சனிக்கிழமை ஆண்டு முடிவுத் தேர்வுக்காகப் பொன்னேரியில் ரயில் ஏறினோம். நான் வேலை விஷயமாக ஒருவரைப் பார்க்கப் போகிறவன். பெட்டி தூக்க ஆள் வேண்டுமென்று அவர்களோடு இசைப்பள்ளி வரை போனேன். வழியெல்லாம் ராணிக்கா வயலின் பெட்டிகளின் கொக்கிகளை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டு வந்தார். அர்ச்சனாவின் பெட்டியை மடியில் வைத்திருந்தார்.

பிள்ளைகள் உள்ளே போனார்கள். கதவு சாத்தப்பட்டது. நாங்கள் வெளியே பெஞ்சில். சிறிது நேரம் சத்தமே இல்லை, தாளைப் பார்க்கிறார்கள். பிறகு நான்கு வயலினும் ஒன்றாகக் கிளம்பின.

ராணிக்காவின் கையில் அட்டை இருந்தது. கட்டம் போட்ட சேலை. முழங்கால்மேல் ஒவ்வொரு கட்டமாக அட்டை நகர்ந்தது, உள்ளே கேட்கும் தாளத்துக்குச் சரியாக. முதல் வரி முடிந்தது. இரண்டாம் வரியின் நடுவில் அர்ச்சனாவின் கீழ்த் தந்தி இல்லை.

மற்ற மூன்றும் ஒரு மூச்சு நேரம் தயங்கின. பிறகு போயின. தருமனின் வில் எல்லாவற்றையும்விட பலமாகக் கேட்டது. சொல்லிக்கொடுத்தபடியே, நிற்காமல், மூன்றாம் வரிக்குப் போய்விட்டார்கள்.

முழங்கால்மேல் அட்டை, அர்ச்சனா விட்ட கட்டத்திலேயே நின்றிருந்தது. பிறகு ராணிக்கா அதை மெதுவாக ஒரு கட்டம் பின்னால் இழுத்தார்.