கூடியிருக்கு என்றொரு சொல்

ஸ்கேன் படம் மடங்கிவிடாமல் மடியில் நிமிர்த்திப் பிடித்தபடி மாமா டாக்டருக்கு எதிரே உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. என் அக்காவின் கணவர். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டியவர். ஒருநாள் ஸ்டியரிங் பிடித்த இடது கை மரத்துப்போனது. மூளைக்குள் ஓரிடத்தில் ரத்தக் குழாய்கள் கோணலாகப் புடைத்துக் கொத்தாகி, ரத்தம் கசிந்திருப்பது ஸ்கேனில் தெரிந்தது. நான் திண்டுக்கல்லில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். டாக்டர் சொல்வது எனக்குத்தான் புரியும் என்று அக்கா என்னையும் கூட்டிப்போயிருந்தாள்.

டாக்டர் நிதானமாகத்தான் சொன்னார்: “கசிஞ்ச ரத்தத்தைச் சுத்தம் பண்ண எதிர்ப்பு சக்தி செல்லெல்லாம் அங்க கூடியிருக்கு. அதுகளே வீக்கத்தைக் கொடுத்து இன்னும் கசிய வைக்கலாம்னு ஆராய்ச்சியில பாக்குறாங்க. ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். வீட்ல பேசிட்டு ஒரு வாரத்துல வாங்க.”

வாசலுக்கு வந்ததும் மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. அக்காவிடம் சொன்னார்: “கேட்டியா கண்ணு, எதிர்ப்பு சக்தி கூடியிருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அதுவே சரி பண்ணிப்போடும். அப்புறம் என்னத்துக்குக் கத்தி?”

கொரோனாக் காலத்தில் தினமும் கபசுரக் குடிநீர் குடித்த வீடு அது. எதிர்ப்பு சக்தி கூடினால் நல்லதுதானே? ஒரே இடத்தில் கூட்டமாய்ச் சேர்வதும் கூடுவதுதான் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஒரு மாதமாக அழுதுகொண்டிருந்த அக்கா அப்போதுதான் சிரித்தாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். ஒரு வாரம் போனது, யாரும் டாக்டரிடம் திரும்பிப் போகவில்லை. எதிர்ப்பு சக்திக்கு நல்லதென்று ஆயக்குடியிலிருந்து கூடை கூடையாகக் கொய்யாப்பழம் வந்தது. நானும் உட்கார்ந்து இரண்டு தின்றேன்.

மூன்றாவது வாரம் மறுபடி ரத்தம் கசிந்து மாமா குளியலறையில் விழுந்தார். அவசரமாக ஆபரேஷன் நடந்தது. பிழைத்துக்கொண்டார், இடது கைக்கு மட்டும் அசைவு திரும்பி வரவில்லை. லாரியை விற்றாயிற்று. முன்பே செய்திருந்தால் கை தப்பியிருக்குமா என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. தெரிந்தும் நான் பேசாமல் இருந்தேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாமாவின் சட்டையை மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“உனக்கு அன்னைக்கே தெரியுமா?”

“தெரியும்க்கா.”

அவள் திட்டவில்லை. “சாப்டுட்டுப் போ” என்றாள். இப்போதும் நன்றாகத்தான் பேசுகிறாள், குழம்பு, வெஞ்சனம் எது வைத்தாலும் எனக்குக் கொடுத்துவிடுகிறாள். டாக்டரிடம் போகும்போது மட்டும் என்னைக் கூப்பிடுவதில்லை.