பல் போன இடத்தில் வலி

அந்தக் குடும்பத்தில் நெஞ்சு வலி எப்படி வரும் என்பது எல்லோருக்கும் அத்துப்படி. இஸ்திரிக்காரியின் அப்பா சட்டையைக் கசக்கிப் பிடித்தபடி, வியர்த்துக் கொட்டி விழுந்தவர். பெரியப்பா மகனும் அதே கதைதான். அதனால் துணி மூட்டையோடு மூன்றாம் மாடி ஏறும்போது அவளுக்குக் கீழ்த்தாடை வலித்ததை யாரும் நெஞ்சோடு சேர்த்துப் பார்க்கவில்லை. படியில் இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் போய்விடும். கடைவாய்ப் பல்தான் காரணம் என்று பிடுங்கிப் போட்டாள்.

ஒன்பதாம் நாள், அதே படியில், பல் போன குழிக்குள்ளேயே வலி வந்தது. வீட்டுக்கு வந்து சொன்னாள்.

"மிச்சத்தையும் பிடுங்கிடு. வீட்ல சத்தமாவது குறையும்" என்றார் புருஷன்.

லாரி ஓட்டும் தம்பி சிரிக்கவில்லை. போன வருஷம்தான் அவனுக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். "ஏறும்போது மட்டும் வருதாக்கா? கிளம்பு" என்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனான்.

பரிசோதனை எல்லாம் முடித்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "இதயத்துக்கு ரத்தம் போற குழாய் சுருங்கியிருக்கும்மா. வேலை செஞ்சா வந்து, உட்கார்ந்தா போறது ஒரு வகை. சும்மா இருக்கும்போதே வர்றது இன்னொண்ணு. அது வந்தா ஒரு நிமிஷம் காத்திருக்காதீங்க, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. சில பேருக்கு வலியே இல்லாம மாரடைப்பு வந்துடும்."

"எனக்கு எது?"

"இப்போதைக்கு முதல் வகை. வியாழக்கிழமை ஆஞ்சியோ பண்ணிப் பார்த்துடலாம்."

அந்த 'இப்போதைக்கு' என்ற சொல்லை வீடு வரும்வரை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை. ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். தாடை மெல்லப் பிடித்தது. பழக்கதோஷத்தில் அசையாமல் இருந்து பார்த்தாள். போகவில்லை. உட்கார்ந்தால் போகிற வலி, உட்கார்ந்திருக்கிறவளுக்கே வந்தால் எங்கே போய் உட்காருவாள்? ஊசி விரலில் குத்தியதுகூட உறைக்கவில்லை.

"ஏங்க... ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க."

"இந்த ஒரு சட்டையை முடிச்சிட்டு..."

"இப்பவே கூப்பிடுங்க! நான் சும்மாத்தான் உட்கார்ந்திருந்தேன்!"

புருஷன் இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

அன்றைக்கே குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். இப்போது மூன்று மாடியும் மூச்சு வாங்காமல் ஏறுகிறாள். நாற்காலியைக் கண்டால்தான் பயம். யார் வீட்டுக்குப் போனாலும், "உட்காருங்கக்கா" என்றால், "பரவால்லம்மா" என்று கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.